விக்கிக்கு ஒன்பதாம் மாத ஊசி

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் மஹா தானே இன்சுலின் போட்டுக்கொண்டாள். ஏழு வயது. அளவு சரியா என்று பார்க்க நான் பக்கத்தில் நின்றேன். "தள்ளிப் போப்பா, வெளிச்சத்த மறைக்குற" என்கிறாள். இட்லி மூன்று, நான்காவதற்குச் சண்டை. முடிச்சூரிலேயே இவளைப் போல் வாயாடி கிடையாது. சந்தோஷமாகத்தான் திருமுடிவாக்கம் பட்டறைக்குக் கிளம்பினேன்.

பிப்ரவரி 5, புதன்

சின்னவன் விக்கிக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. சுகாதார நிலையத்தில் இன்று தட்டம்மை ஊசி. பிள்ளைக்குச் சளி என்று மனைவி ஷர்மிளாவிடம் சொல்லித் தட்டிக்கழித்தேன். சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இங்கேயாவது உண்மையை எழுதலாமே. மஹாவுக்கு ஐந்து வயது ஊசி போட்ட இருபதாம் நாள்தான் சர்க்கரை என்று சொன்னார்கள். அந்த ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். இரண்டு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது தம்பியையும் நானே கொண்டுபோய் நிறுத்துவதா?

பிப்ரவரி 12, புதன்

இன்றும் போகவில்லை. ஷர்மிளா பிடித்துவிட்டாள். "அவனுக்குச் சளி இல்ல. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு." எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவாள் என்று பார்த்தேன். "டாக்டர கேக்காம நீங்களே தீர்ப்பு எழுதிட்டீங்களா?" அவ்வளவுதான். ஆனால் எனக்கு வந்த தோசை எல்லாம் கருகல்.

பிப்ரவரி 13

மஹாவுக்குச் சர்க்கரை 124. நல்ல நாள்.

பிப்ரவரி 15, சனி

வார்ப்பு இரும்புப் பம்ப் மூடி ஒன்று, லேத்தில் கடைசியாகச் சீவும்போது ஓட்டை தெரிந்தது. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம்: வேலை கெட்டால் கடைசியாகக் கை வைத்தவர்தான் பதில் சொல்லவேண்டும். லேத்தில் நின்றது கிட்டு அண்ணன். நாலு பேர் முன்னால் கத்திவிட்டேன். அவர் மூடியை ரம்பத்தில் வைத்து இரண்டாக அறுத்தார். உள்ளே முழுக்க ஓட்டை.

"பாரு உதயா, வார்த்த அன்னிக்கே உள்ள கீது. நான் மேல சீவுனேன், வெளிய தெரிஞ்சிது. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அறுத்த துண்டை மேஜை மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மஹாவின் மாதாந்திரப் பரிசோதனை. டாக்டர் ஜெனியிடம் கேட்டேவிட்டேன். சிரிக்கவில்லை அந்த அம்மா, அதுவே பெரிய விஷயம். பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்களாம். ஊசி போட்டவர்களுக்கு இந்தச் சர்க்கரை கூடுதலாக வரவில்லை. தாகம் எடுத்து வெளியே தெரிவதற்குப் பல மாதம், சில பேருக்குப் பல வருஷம் முன்பே உடம்புக்குள் அது ஆரம்பித்துவிடுமாம்.

"அப்ப எதனாலதான் மேடம் வந்துச்சு?"

"முழுசா யாருக்கும் தெரியாது சார். தடுப்பூசியால வர்றதா எந்த ஆராய்ச்சியும் காட்டல. ஆனா தட்டம்மை சின்னப் பிள்ளைங்கள என்ன பண்ணும்னு நல்லாவே தெரியும். நாளைக்கே போங்க."

கண் கலங்கிவிட்டது. எடை பார்க்கப் போயிருந்த மஹா எப்போது உள்ளே வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 19, புதன்

போட்டாயிற்று. விக்கி ஊரைக் கூட்டினான். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த மஹா, நர்ஸுக்கே பாடம் எடுத்தாள்: "பேசிக்கினே போடுங்க அக்கா, அப்பதான் தெரியாது." ஒரு பிஸ்கட்டில் அழுகை நின்றது.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் ஷர்மிளா, மடியில் விக்கி. முன்னால் நின்றுகொண்டு வந்த மஹா திடீரென்று கேட்டாள்.

"அப்பா, எனக்குச் சுகர் உன்னால வந்துச்சுன்னு நெனச்சியா?"

"ஆமாம்மா."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமா."

தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? இல்லன்னு சொல்லியிருப்பேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.