லோயர் வந்தாரா?

பெப்ரவரி 6, வியாழன்

வெள்ளவத்தையில் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. நேற்று முழுவதும் சிறுநீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவனுக்கு இது பொருத்தமான தண்டனை.

பேஸ்போல் லீக்கின் ஊக்கமருந்துப் பரிசோதனை முடிவுகளை டொக்டர் ருக்கியாவின் கிளினிக்கில் பிரித்தோம். டொக்டர், லீக்கின் செயலாளர் ஷெல்டன், வீரர்கள் சங்கத்தின் சட்டத்தரணி என்ற முறையில் நான். மூன்றே பேர். குப்பிகளில் இலக்கம் மட்டும்தான் இருந்தது. ஒருவரே இரண்டு குப்பிகளை நிரப்பிவிடவில்லை என்று பார்ப்பதற்காக, இலக்கங்களைப் பெயர்களோடு ஒரே ஒரு தடவை பொருத்தினோம். அறுபது வீரர்களில் ஏழு பேர் அகப்பட்டார்கள். பிறகு தாளை டொக்டரின் ஸ்டீல் தட்டில் வைத்து எரித்தோம்.

உடன்படிக்கை எளிமையானது. இந்த வருடம் எண்ணிக்கை மட்டும் வெளியாகும். பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அடுத்த வருடம் முதல் பெயர் சொல்லிப் பரிசோதனை. தாண்டிவிட்டது. ஆனால் இந்த வருடப் பெயர்கள் எவருக்கும் கிடையாது. பத்திரிகைக்கு இல்லை, அணிக்கு இல்லை, அந்தந்த வீரருக்கே இல்லை. இந்த வாசகத்தை நான்தான் எழுதினேன். அதை நம்பித்தான் அவர்கள் குப்பியை நிரப்பினார்கள்.

ஆக, பெயர்கள் இப்போது மூன்று தலைகளில் இருக்கின்றன. தாளைவிடத் தலை பாதுகாப்பானது என்று நேற்று நினைத்தேன். தாளுக்கு முகம் இல்லை என்பது, போத்தல் தண்ணீரில் சவரம் செய்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

பத்திரிகையின் முன்பக்கத்தில்: “யார் அந்த ஏழு பேர்?” கீழே, பெயர்கள் தெரிந்த மூவரில் ஒருவன் என்று என் படம்.

பேஸ்போல் மைதானம் சதுரமா வட்டமா என்று தெரியாத ஊர் இது. போன வருட இறுதிப் போட்டியில் பார்வையாளர்களைவிட வீரர்கள் அதிகம். இன்று மரக்கறிக் கடைக்காரர் வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே, “லோயர் மாத்தயா, அந்த ஏழு பேர்?” என்று குரலைத் தாழ்த்தினார். விளையாட்டைப் பார்க்க எவரும் வரவில்லை. சிறுநீரைப் பார்க்க நகரமே வரிசையில் நிற்கிறது.

பெப்ரவரி 12, புதன், போயா விடுமுறை

கிருலப்பனையிலிருந்து தங்கை கௌரி போன் எடுத்தாள். அவளுடைய மகள் ரூபிகா ஒரு பெடியனை விரும்புகிறாளாம். கொட்டாஞ்சேனை. பெயர் திலக்ஷன்.

“பகலில கப்பல் கொம்பனி வேலை. பின்னேரம் உங்கட லீக்கில பந்து எறியிறான், அதுக்கும் சல்லி குடுக்கினமாம். பழக நல்ல மாதிரித்தான் இருக்கு. ஆனா தாய்மாமன் நீங்கள்தானே அண்ணா விசாரிக்கவேணும்?”

எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளையை விசாரிப்பது தாய்மாமனின் வேலை. குடி, கடன், பழைய காதல், பரம்பரை வருத்தம், எல்லாவற்றையும் துருவிக்கொண்டு வரவேண்டும். இதுவரை மூன்று பேரை விசாரித்திருக்கிறேன். ஒருவனைத் துரத்தியும் இருக்கிறேன். இந்த மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் எவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லக்கூடாத மூவரில் நான் ஒருவன்.

“அண்ணா, லைனில இருக்கிறியளோ?”

இருந்தேன்.

பெப்ரவரி 13, வியாழன்

பெயரைக் கேட்டதும் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன்? அதிகமோ?

பெப்ரவரி 15, சனி

கௌரி நேரில் வந்துவிட்டாள், வடையோடு.

“நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். சும்மா தலையை ஆட்டுங்கோ.”

“ஆட்டமாட்டன்.”

“அப்ப ஏதோ இருக்கு.”

“ஒண்டும் இல்லாட்டிலும் ஆட்டமாட்டன், கௌரி.”

“ஒண்டும் இல்லையெண்டால் ஆட்டுறதுக்கென்ன?”

விளக்கினேன். இன்று ஒருவனுக்குத் தலையாட்டினால், நாளை இன்னொருவனுக்கு ஆட்டாதபோது அவனைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். குற்றமில்லாத ஐம்பத்து மூன்று பேரைப் பற்றியும் வாயை மூடினால்தான் மற்ற ஏழு பேரைப் பற்றியும் வாயை மூடியதாகும். நீதிமன்றத்தில் இதைச் சொல்லியிருந்தால் நீதிபதி குறித்துக்கொண்டிருப்பார்.

“எனக்கு அறுபது மருமகன் வேண்டாம் அண்ணா. ஒண்டு காணும்,” என்றாள் கௌரி.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என் மனைவி சுபோதினியிடம் கேட்டது எனக்கும் கேட்டது: “அண்ணி, அண்ணா வடிவா நித்திரை கொள்ளுறாரோ?” இனி என் நித்திரையும் சாட்சியம்.

அந்தப் பெயர் ஏழில் உண்டா இல்லையா என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை. இந்த நாட்குறிப்பைத் தான் வாசிப்பதே இல்லை என்கிறாள் சுபோதினி. ஆனால் 12ஆம் திகதி என் எழுத்து சரிந்திருந்ததாக இன்று சொன்னாள்.

பெப்ரவரி 20, வியாழன்

புதுக்கடையில் என் அலுவலகத்துக்கே திலக்ஷன் வந்தான். கை குலுக்கியதில் என் மோதிரம் விரலைக் கடித்தது.

“சேர், மத்தவங்கட பேரு ஒண்டும் எனக்கு வேணாம். என்ட ரிசல்ட்ட மட்டும் சொல்லுங்க.”

“உங்களுக்கும் சொல்ல ஏலாது, திலக்ஷன்.”

“என்ட மூத்திரம் சேர். எனக்கே தெரியக்கூடாதா?”

காரணத்தைச் சொன்னேன். சுத்தமானவர்கள் எல்லாரும் முடிவைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டால், வெறும் கழுத்தோடு நிற்பவன் யாரென்று ஊர் பார்த்துக்கொள்ளும். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

“கோச் ஒரு பவுடர் தந்தாரு சேர். டின்ல லேபல் ஒண்டும் இல்ல. எல்லாரும் குடிச்சாங்க, நானும் குடிச்சேன். அதுக்குள்ள என்ன இருந்திச்சுன்னு சத்தியமா தெரியா. எனக்கே தெரியாம நான் அந்த ஏழு பேர்ல இருக்கலாம் தானே?”

என் முகத்தையே பார்த்தான். நான் மேசையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அது என் மூக்கில் இருந்தது.

பெப்ரவரி 22, சனி

வயிற்றுப்போக்கு. கொம்பனித்தெருவில் ரிஷாத்தின் கொத்துரொட்டிக் கடைத் திறப்பு விழா. அவனும் லீக் வீரன்தான். போகமுடியவில்லை.

பெப்ரவரி 25, செவ்வாய்

டொக்டர் ருக்கியா போன் எடுத்தார்.

“சேர், ரிஷாத்ட கடைக்கு நீங்க போகல்லயா?”

“வயிறு சரியில்லை, டொக்டர்.”

“ஒங்கட வயித்தால அந்தப் புள்ளைட பேரு கெட்டுப் போச்சு. ‘லோயர் வந்தாரா? வரல்ல. அப்ப அவனும் ஏழுல ஒருத்தன்தான்.’ இதுதான் இப்ப கொம்பனித்தெரு முழுக்கக் கத. கடைக்கு ஒரு ஆளும் வாறதில்லயாம்.”

ஷெல்டன் நுவரெலியாவுக்கு ஓடிவிட்டாராம். டொக்டர் வீட்டையும் கிளினிக்கையும் தவிர வேறெங்கும் போவதில்லையாம். “ஊருக்குத் தெரிஞ்ச மொகம் ஒங்கட மட்டும்தான் சேர். கொஞ்சம் பாத்து நடந்துகொள்ளுங்க.”

வாயை மூடினால் போதும் என்று நினைத்தேன். இவர்கள் என் காலை வாசிக்கிறார்கள். நான் போன இடம் சுத்தம். போகாத இடம் அசுத்தம். கோயில் தீர்த்தத்துக்குக்கூட இவ்வளவு அதிகாரம் கிடையாது.

மார்ச் 2, ஞாயிறு

வெள்ளி இரவு ரிஷாத்தின் கடையில் தெருவைப் பார்த்த மேசையில் இருந்து ஒரு முழுக்கொத்து சாப்பிட்டேன். அவன் சல்லி வாங்க மறுத்தான். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், இலவசக் கொத்துக்கு என்ன அர்த்தம் கற்பிப்பார்களோ.

ஆனால் ரிஷாத்திடம் போனால் எல்லாரிடமும் போகவேண்டும். வீரன் இப்திகாரின் கலியாண விருந்தான வலீமா, ஒருவனின் குடிபுகுதல், இன்னொருவனின் மகளுக்கு முதலாவது பிறந்தநாள். அறிமுகமே இல்லாத தாய்மார் “நீங்கள் கட்டாயம் வரவேணும் ஐயா” என்று போனில் கெஞ்சுகிறார்கள். அதனால் ஒரு முடிவெடுத்தேன். அழைத்த எல்லாரிடமும் போவேன். குற்றமில்லாதவன் வீட்டிலும் சாப்பிடுவேன், ஏழில் ஒருவன் வீட்டிலும் சாப்பிடுவேன். ஒரே அளவு சாப்பிடுவேன்.

அந்த ஒரே அளவுதான் கடினம். நேற்று ஒரு வீட்டில் இரண்டாம் தடவை சோறு போட வந்தபோது இலையை மறைத்தேன். அந்தத் தாயின் முகம் செத்துப்போனது. கையை எடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பெயர்களை வெளியிட வேண்டும் என்று பத்திரிகை தலையங்கம் எழுதியிருக்கிறது. குறை சொல்லலாம் என்று இரண்டு தடவை வாசித்தேன். நியாயமாக இருக்கிறது. அதுதான் தொல்லை.

ஏழு பேரைக் காப்பாற்ற ஐம்பத்து மூன்று பேர் சந்தேகத்தில் நிற்கிறார்கள். உண்மை. என் வயிற்றுப்போக்கால் ஒருவனின் அடுப்பு அணைந்தது. அதுவும் உண்மை. நாளைக்கே ஏழு பெயர்களைச் சொன்னால் மற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் சொல்லமாட்டோம் என்ற வாக்கை வைத்துத்தானே குப்பிகளை வாங்கினோம்? வாங்கிய பிறகு ஊருக்கு நல்லது என்று வாக்கை மாற்றுவதற்கு அரசாங்கம் இருக்கிறது, நான் எதற்கு?

இப்படி எழுதிக்கொண்டே போகலாம். உண்மையான கேள்வி இது இல்லை.

ரூபிகா என் விரலைப் பிடித்து நடை பழகியவள். பெடியன் ஏழில் ஒருவன் என்றால் — நான் பேசாமல் இருந்து அவளைக் கட்டிக்கொடுக்கவேண்டும். இல்லை என்றால் — நான் பேசாமல் இருந்தே அந்தக் கலியாணத்தைக் குழப்புகிறேன். இரண்டில் எது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வடை சாப்பிடுறன். என்ன மனுசன் நான்? சொல்லவும் ஏலாது, சொல்லாமல் இருக்கவும் ஏலாது. வாக்கைக் காப்பாற்றுறனோ, இல்லாட்டி வெறும் பயமோ?

மார்ச் 13, வியாழன், போயா

கௌரி மறுபடியும் போனில். பதிவுத் திருமணம் ஏப்ரல் 27, அவளுடைய வீட்டில்.

“நீங்கள் வாயைத் திறக்கவேண்டாம் அண்ணா. பேனையைத் திறந்தாக் காணும். தாய்மாமன் சாட்சிக் கையெழுத்து வைச்சால் பெடியன் சுத்தம். வைக்காட்டி அந்த இடத்திலேயே நிப்பாட்டுவன்.”

“எந்தப் பெடியனை ரூபிகா கூட்டிக்கொண்டு வந்தாலும் நான் வைப்பன்.”

“அப்ப உங்கட கையெழுத்துக்கு என்ன பெறுமதி?”

“ஒண்டும் இல்லை. அதைத்தான் ஒரு மாசமாச் சொல்லுறன்.”

போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

எந்தப் பெடியனுக்கும் வைப்பேனா? உண்மையாகவா?

மார்ச் 23, ஞாயிறு

ரூபிகா வந்தாள். நேற்றுத் திலக்ஷன் தனியாகக் கிருலப்பனைக்குப் போயிருக்கிறான்.

“அம்மாட்டை எல்லாத்தையும் சொல்லிப்போட்டார், மாமா. பவுடர் குடிச்சது, டின்னில லேபல் இல்லாதது, தான் பாஸோ பெயிலோ எண்டு தனக்கே தெரியாதது, எல்லாம். அம்மா தேத்தண்ணியை ஆறவிட்டுட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா.”

“பிறகு?”

“‘பெயில் எண்டால் என்ன செய்வீர் தம்பி?’ எண்டு கேட்டா. ‘அடுத்த வருசம் பேர் சொல்லித்தான் சோதிப்பாங்க அன்ட்டி. மொத ஆளா நிப்பேன். அதுல பெயிலானா நீங்க பேப்பர்லயே வாசிக்கலாம்’ எண்டார்.”

“அதுக்குக் கொம்மா?”

“குசினிக்குள்ள போய்ப் புட்டு அவிச்சா. இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போனவர்.”

எழும்பும்போது சொன்னாள்: “மாமா, நீங்கள் எனக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

தாய்மாமன் செய்யவேண்டிய விசாரணையை மாப்பிள்ளையே செய்து, அறிக்கையையும் கையளித்துவிட்டான். என் அனுபவத்தில் முதல் தடவை. சட்டக்கல்லூரியில் இதற்கு ஒரு பாடம் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கௌரியிடமிருந்து ஒரு போனும் இல்லை. திட்டக்கூட இல்லை. ஏன் பேசாமல் இருக்கிறாள்? புட்டு கொடுத்தது சம்மதமா, வெறும் மரியாதையா? அவளுடைய மௌனத்தை இரண்டு கிழமையாக நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். இது எவ்வளவு கேவலமான பழக்கம் என்று இப்போது விளங்குகிறது.

ஏப்ரல் 26, சனி

பேனை எழுதுகிறதா என்று ஆறாவது தடவையாகப் பார்த்தேன். எழுதுகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கிருலப்பனை. கூடம் நிறைந்திருந்தது. ரிஷாத் உட்பட அணியில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். உறவினர்கள் பெண்ணைப் பார்க்கவில்லை, என் சட்டைப்பையைப் பார்த்தார்கள். பேனை அங்கே குத்திக்கொண்டிருந்தது. வியர்த்தது.

பதிவாளர் சாட்சிகளைக் கூப்பிட்டார். நான் எழும்புவதற்கு முன் கௌரியின் கை என் தோளில் இருந்தது.

“பெடியன்ர பெரியப்பாவும் எங்கட அண்ணியும் கையெழுத்து வைப்பினம்,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். சுபோதினிக்கு ஒன்றுமே தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, போட்டோக்காரப் பெடியன் தனிய நிண்டு கஷ்டப்படுறான். நீங்கள் அந்த லைட்டைக் கொஞ்சம் பிடியுங்கோ.”

பிடித்தேன். தலைக்குமேல் உயர்த்திப் பிடிக்கவேண்டிய பெரிய விளக்கு. அதன் பின்னால் நிற்பவனின் முகத்தைப் பார்க்க முயன்ற ஒரு மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டார். திலக்ஷன் கையெழுத்திட்டான். ரூபிகா கையெழுத்திட்டாள். சுபோதினி தன் பெயரை, கொம்புகூடத் தவறாமல், ஆறுதலாக எழுதினாள். எனக்குக் கை உளைந்தது. இறக்கவில்லை.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாய்மாமன் வந்திருக்கிறார், ஆனால் கையெழுத்து வைக்கவில்லை, ஆனால் விளக்குப் பிடிக்கிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று எவராலும் சொல்லமுடியவில்லை. இன்று எடுத்த ஒரு படத்திலும் நான் இல்லை.

இவ்வளவுக்கும் கௌரி ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்து என் முகத்தை வாசித்தவள்.

சாப்பாட்டில் சோறு வைத்தாள். இரண்டாம் தடவையும் வைத்தாள். போதுமா என்று கேட்கவில்லை. வேறெதையும் கேட்கவில்லை.