ஒன்றும் இல்லாத மூடி

மார்ச் 4, செவ்வாய்

மூடி வந்துவிட்டது, நான் வடிவமைத்த புது லேப்டாப்பின் மாடலோடு. பட்டறையிலிருந்து ஒரு பழைய டவலில் சுற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பிரித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. லோகோ இல்லை, கோடு இல்லை, பளபளப்பு இல்லை. மழைக்கு முன் வானம் இருக்குமே, அந்தச் சாம்பல் நிறம். நாலு விளிம்பும் ஒரே அளவு, நாலு முனையும் ஒரே வளைவு. கீல் வெளியே தெரியவே இல்லை. மூடி வைத்தால் மேஜைமேல் ஒரு தகடு, அவ்வளவுதான்.

இதற்காக எட்டு மாதம் சண்டை. எங்கள் விளம்பரத்துறைத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தங்கமுலாம். விலை கூடின லேப்டாப் என்றால் நாலு மேஜை தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கும் அது தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. உள்ளங்கை அகலத்துக்குத் தங்க லோகோ கேட்டார். நான் விடவில்லை. "நல்லா இருக்கிறதைக் கத்திச் சொல்ல வேண்டியதில்லை சார்" என்று எத்தனை கூட்டத்தில் சொன்னேனோ, எனக்கே சலித்துவிட்டது.

பதினேழு வருடமாக இதே வேலை. ஒரு லேப்டாப்பைக்கூட வெளியாரிடம் காட்டி, இது நான் செய்தது என்று சொன்னதில்லை. சொல்லும்படி ஒன்றும் இல்லை. போன மாடலுக்கு ஓரமெல்லாம் சிவப்பு விளக்கு வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். மகள் பார்த்துவிட்டு, "ஆம்புலன்ஸாம்மா?" என்றாள். இந்த ஒன்றையாவது சொல்லிக்கொள்ள வேண்டும். கேட்டால் சின்ன ஆசைதான். எனக்குப் பெரிது.

மார்ச் 5, புதன்

தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் மாடல் வைத்திருந்த மேஜையைப் பதினோரு தடவை கடந்தேன். வயிறு உப்பிவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

மூக்குடைபட்டு வந்திருக்கிறேன்.

இன்று நிர்வாக இயக்குநருக்குக் காட்டும் நாள். அவரைப் பெரியம்மா என்போம். உறவெல்லாம் இல்லை, நடை அப்படி. மாடலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கே" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. மேஜையில் வைத்தார். திறக்கப் போனார்.

திறக்கவில்லை. கீல் இருக்கும் பக்கத்தில் நகத்தை விட்டு நெம்பிக்கொண்டிருந்தார்.

"ஒட்டிக்கிச்சா?"

"இல்ல மேடம், அது பின்பக்கம்" என்றார் கீல் செய்கிற எஞ்சினியர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

பெரியம்மா இடப்பக்கம் முயன்றார். அப்புறம் வலப்பக்கம். நாலாவது தடவைதான் திறந்தது. அதற்குள் நகம் ஒன்று போய்விட்டது. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. தங்கமுலாம் மட்டும் இருமினார். அந்த இருமலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"லோகோ இருந்திருந்தா எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரிஞ்சிருக்கும்" என்றார் தங்கமுலாம். அவர் சொன்னது சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

முடிவு இது: 26ஆம் தேதி வரை எனக்கு நேரம். இந்த மாடலைப் பார்த்தே இராத பத்துப் பேரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். எட்டுப் பேராவது முதல் தடவையே சரியான பக்கத்தில் திறக்க வேண்டும். இல்லையென்றால் தங்க லோகோ. உள்ளங்கை அகலம்.

அதே நாள், சாயங்காலம்

அது எப்படித் தெரியாமப் போகும்? ஒரு லேப்டாப்பைத் திறக்கறதுக்கு வரைபடமா குடுப்பாங்க? கொஞ்சம் உத்துப் பாத்தா, விளிம்பைத் தடவிப் பாத்தா, குனிஞ்சு பாத்தா —

குனிஞ்சா பாப்பாங்க?

சரி. இங்கே யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். நாலாம் தேதி டவலைப் பிரித்தபோது நானும் தப்பான பக்கத்தில்தான் நெம்பினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. யாரும் பார்க்கவில்லையே என்று கமுக்கமாக இருந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

காலையில் மூவரும் உட்கார்ந்தோம். கீல் எஞ்சினியர், நிறம் தேர்ந்தெடுக்கும் என் தோழி, நான். மனசு கேட்கவில்லை, என் குட்டை நானே உடைத்தேன்.

தோழி மாடலைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "ஒரு மூலையில சின்னதா ஒரு கீறல் விழுந்திருக்குடி. அதைப் பாத்துதான் நான் திறக்கறேன்" என்றாள்.

எஞ்சினியர் எழுந்து மாடலைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் முன்பக்கமாகப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. முதல் நாளே போட்டிருக்கிறார்.

"ஏங்க, சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க அதைக் குழந்தை மாதிரி தூக்கி வச்சுக்கிட்டிருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

சிரிக்க ஆரம்பித்தோம், நிறுத்த முடியவில்லை. பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து நாற்பது வருட அனுபவம். மூன்று பேரும் திருட்டுத்தனமாக அடையாளம் வைத்துக்கொண்டு, அழகு அழகு என்று ஊரை நம்பவைக்கப் பார்த்திருக்கிறோம்.

மார்ச் 15, சனி

முன்விளிம்பில் ஒரு பள்ளம் போட்டுப் பார்த்தேன். நகவெட்டி மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். தோழி அழுக்கு என்று துடைத்தாள். அம்புக்குறியும் வரைந்தேன், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

தங்கமுலாம் தன் லோகோவை வரைந்து அனுப்பியிருக்கிறார். கூடவே, "முடிஞ்சவரைக்கும் அடக்கமாத்தான் போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க" என்று ஒரு வரி. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவனுக்குக் கொடுக்கும் கேடயம் மாதிரி இருக்கிறது. ஆளாவது கெட்டவராக இருந்தால் திட்டவாவது திட்டலாம். அதற்கும் வழியில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரர் பல் டாக்டர். மாடலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வாய் எந்தப் பக்கம்?" என்றார். இரண்டு மணி நேரம் அவரோடு பேசவில்லை.

மார்ச் 17, திங்கள்

பல்லைக் கடித்துக் கடித்து, கடைவாய்ப் பல் அடைப்பு விழுந்துவிட்டது. வேறு வழியில்லை, அவருடைய கிளினிக்குக்கே போனேன். ஊசி போட்டு, வாயைத் திறந்துவைத்துப் படுக்கப் போட்டார். பேசவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில்லை, வாயெல்லாம் பல்.

வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அவர் கையைப் பார்த்தேன். கண் என் வாய்க்குள்ளேயே இருக்கிறது. கை மட்டும் தட்டுக்குப் போகிறது, கருவியைச் சரியான இடத்தில் பிடித்து எடுத்துவருகிறது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட மாற்றிப் பிடிக்கவில்லை.

முடிந்ததும் கேட்டேன். எப்படி என்று கேட்க நினைத்தேன், "எப்பழி" என்று வந்தது.

"பிடிக்கிற இடம் லேசா உள்வாங்கியிருக்கும். விரல் தானாப் போய் உக்காந்துக்கும்."

கண்ணை மூடிக்கொண்டு அறையிலுள்ளதையெல்லாம் தடவ ஆரம்பித்தேன். இழுப்பறை, கதவுக் கைப்பிடி, குழாய், நாற்காலியின் முதுகு. அடுத்து வந்த நோயாளி வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கெல்லாம் கை போக வேண்டுமோ அங்கெல்லாம் பொருளில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நான் பள்ளம், புள்ளி, அம்பு என்று சேர்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்க வேண்டியிருந்திருக்கிறது.

மூடியின் முன்விளிம்பை மட்டும் அடியிலிருந்து சரிவாகச் சீவிவிட்டால்? மேலே ஒன்றும் மாறாது. முன்பக்கத்தில் மட்டும் மூடிக்குக் கீழே மெல்லிசாக ஒரு நிழல் விழும். விரல் அங்கே போகும்.

உடனே எஞ்சினியருக்குப் போன் செய்தேன். மரத்துப்போன வாயோடு நான் பேசியதைக் கேட்டு, "அழாதீங்க, பாத்துக்கலாம், லோகோ ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல" என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

மூடியைப் பிடித்துவைக்கும் காந்தம் அதே முன்விளிம்பில்தான் இருக்கிறதாம். இரண்டு மில்லிமீட்டர் கேட்டேன். "ஒண்ணுக்கு மேல பைசா குறைக்க மாட்டேன்" என்றார் எஞ்சினியர், கடைக்காரர் மாதிரி. பேரம் ஒரு மணி நேரம் ஓடியது. ஒன்றேகாலில் படிந்தது. காந்தத்தை எங்கே நகர்த்துவார் என்று கேட்டேன். அது என் கவலை, நீங்கள் போய் வேலையைப் பாருங்கள் என்றார். நல்ல மனிதர்.

மார்ச் 25, செவ்வாய்

புது மாடல் வந்தது. தோழி ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னடி மாத்தின?" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் திறந்தார். மகளும் சரியாகத் திறந்துவிட்டு, "இதுக்காகவா மூணு வாரமா என்னோட பாட்டுப் போட்டிக்குப் பேர் குடுக்க மறந்த?" என்றாள். மறந்தேபோனேன். கடைசி நாள் நாளைக்காம். இப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் கணக்கில் சேர மாட்டார்கள். நாளைக்கு வருபவர்கள் என் வீட்டு மனிதர்கள் இல்லை.



மார்ச் 26, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

பெரியம்மா ஒரு பக்கம், தங்கமுலாம் ஒரு பக்கம், நடுவில் வெறும் மேஜை. ஒவ்வொருவர் வருவதற்கு முன்னும் மாடலைத் திருப்பித் திருப்பி வைப்பது தங்கமுலாமின் பொறுப்பு. ஒரு தடவைகூட அழுகுணி ஆட்டம் ஆடவில்லை. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

வாசல் காவலர்: சரி. கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள்: சரி, சரி. தபால் கொண்டுவந்தவர்: சரி. நாலு பேர் ஆனதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஐந்தாவதாக வந்த வக்கீல் பின்பக்கம் நெம்பினார். மூச்சு போனது. ஆறு, ஏழு சரி. எட்டாவதாக வந்தவர் மாடியில் வாடகைக்கு இருக்கும் கம்பெனிக்காரர். கையில் எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, பக்கவாட்டில் இழுத்து, அது உடைந்துபோயிருப்பதாக எங்களிடம் புகார் சொன்னார். இனி ஒருவர் தவறினாலும் போச்சு. எஞ்சினியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்க்க முடியவில்லையாம்.

ஒன்பதாவது, கேன்டீன் காசாளர். சரி.

பத்தாவது, மாடிப்படிகளைத் துடைக்கும் அக்கா. கையுறையைக் கழற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் பெரியம்மா. எனக்கு உயிரே போய்விட்டது. ரப்பர் கையுறையோடு விரல் எதை உணரும்? அக்கா மேஜையை ஒரு சுற்று சுற்றினார், எங்கே தூசி என்று பார்க்கிற கண்ணோடு. நிழல் விழுந்த பக்கம் வந்து நின்றார். ஒரு விரல். திறந்துவிட்டது.

"இதுல என்னங்க பரீட்சை? திறக்குது, அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் அக்கா. அவ்வளவேதான்.

அழுதேன் என்று தோழி எல்லோரிடமும் சொல்கிறாள். தூசி விழுந்தது. தங்கமுலாம் வந்து கை கொடுத்தார். "லோகோவை அடியிலயாவது, சின்னதா…" என்று இழுத்தார். போட்டுக்கொள்ளுங்கள் சார் என்றேன். இன்றைக்கு யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஏப்ரல் 12, சனி

மகளுக்குப் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். தூங்கவில்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

கடைகளுக்கு வந்துவிட்டது. ஒரு விமர்சகர் மூடியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'மூடியில் சொல்லும்படி ஒன்றுமில்லை.' வீட்டுக்காரர் அதைப் பெரிதாக அச்சடித்து, கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

பிப்ரவரி 12, வியாழன்

ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். காத்திருப்பு அறையில் எனக்கு எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஒரு கையில் காபி, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். பையிலிருந்து லேப்டாப்பை உருவி மடியில் போட்டாள்.

என்னுடையது.

யாரோடோ வாடகை வீடு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே ஒரு விரலால் திறந்தாள். குனியவில்லை, தடவவில்லை. திறந்தோம் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது. மூடி என் பக்கம் நிமிர்ந்தது. நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, மஞ்சள் நிறத்தில் ஒரு வாத்து ஸ்டிக்கர். மூக்குக்கண்ணாடி போட்ட வாத்து.

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல் வாய்விட்டே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மூடியையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"நல்லா இருக்கில்ல?" என்று வாத்தைத் தட்டிக் காட்டினாள். "நான்தான் செஞ்சேன்."

மீதியெல்லாம் நான் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன்.