ஐந்தாம் அத்தியாயம் என் முறை

8 ஜூலை 2025, செவ்வாய்

பாப்பாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. எங்கள் ஊர் புக்கிட் பெருந்துங்கில் நாள் முழுக்க மழை, ஒரு துணியும் காயவில்லை.

‘ஏறு லோரியில’ புத்தகத்தில் மூன்று அத்தியாயம் முடிந்தது. அறுபதுகளில் ராசா ஊர்த் தோட்டத்துப் பையன்கள் எலக்ட்ரிக் கித்தார் வைத்துப் போட்ட ஒரே ஒரு ராக் அண்ட் ரோல் பாட்டு. அதற்கு ஒரு முழுப் புத்தகம்! இன்றைக்கும் கல்யாண விருந்தில் அதைப் போட்டால் கிழவர்களும் எழுந்து ஆடுவார்கள். என் வீட்டுக்காரர் குகன்தான் இந்த ரசிகர் கூட்டத்துக்குள் என்னையும் இழுத்துவிட்டார். ஞாயிறு மதியம் கோலா குபு பாருவில், சேக் பரீது அண்ணன் சாப்பாட்டுக் கடையில் கூடுகிறோம். பாதிப் பேர் குகன் மாதிரி மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அதனால் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் வாரம் ஓர் அத்தியாயம் சத்தமாகப் படிக்க வேண்டும். நான்காவது ரவீந்திரன் அங்கிள். ஐந்தாவது நான்.

9 ஜூலை, புதன்

எதற்கும் முன்கூட்டியே பார்த்து வைக்கலாம் என்று ஐந்தாவதைப் புரட்டினேன். ரசிகர்கள் சொன்ன கதைகள். அதில் பெயரில்லாமல் ஒன்று:

“வட சிலாங்கூர்த் தாமான் குடியிருப்பு ஒன்றில் ஓர் இளம் தாய். குழந்தை ஓயாமல் அழுத ஒரு நாள், அதை உள்ளே விட்டுவிட்டு, காரில் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.”

இது நான்.

போன வருஷம், பாப்பாவுக்கு நாலு மாதம். தொட்டிலில் கிடந்து கத்தினாள். நான் போர்ச்சில், காருக்குள். அன்றைக்கு குகன் ஃபேக்டரியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். பால்புட்டி மூடியைத் தேடுகிறேன் என்றேன். நம்பினாரா? புத்தகம் எழுதிய தேவதாஸ் கதை சேகரிக்க வந்தபோது, கூடவே சுற்றியவர் இவர்தானே?

இதை நானே எல்லார் முன்னாலும் படிக்க வேண்டுமா?

11 ஜூலை, வெள்ளி

குகனுக்கு மறுபடி தேவதாஸ் போன். ஏன் வெளியே போய்ப் பேசுகிறார்?

13 ஜூலை, ஞாயிறு

ரவீந்திரன் அங்கிள் படித்தார். டிரம்ஸ் வரும் இடத்தில் எல்லாம் மேசையைத் தட்டினார், தேத்தண்ணிக் கிளாஸ் ஆடியது. சேக் பரீது அண்ணன் மனைவி மரியம் அக்கா என் தோளைத் தொட்டு, “அடுத்த வாரம் நீதானே தங்கச்சி? நல்லா படி” என்றார். அந்தச் சிரிப்பு சாதாரணச் சிரிப்பா? குகன் வேறு, “என் வைஃப் படிச்சா ரேடியோ மாதிரி இருக்கும் லா” என்று பீற்றிக்கொள்கிறார். பெருமையா? இல்லை, என்னை மாட்டிவிடத்தானா?

16 ஜூலை, புதன்

கேட்டுட்டேன். சோறு போட்டுக்கிட்டே கேட்டுட்டேன்.

“தேவதாஸ்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?”

“நீ நல்லா பாடுவன்னு சொன்னேன். ஏன்?”

“நடிக்காதீங்க. கார்ல உட்கார்ந்தத யார் சொன்னது?”

“எந்த கார்ல?”

புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் போட்டேன். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எங்கே படிக்க வரும்? பிடுங்கி நானே படித்தேன். கோபத்தில், ஒவ்வொரு வார்த்தையாக. “இது நான்தான்னு தெரியாதா உங்களுக்கு?” என்று கத்தினேன்.

பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

“பாப்பா உள்ள தனியாவா இருந்தா?”

தெரியாதாம். தெரியாத மாதிரி இருக்கிறாரா?

18 ஜூலை, வெள்ளி

குகன் கேட்கிறார்: “பாப்பாவ கொஞ்ச நாள் ராசாவுல எங்கம்மாகிட்ட விடலாமா? திங்கக்கிழம கொண்டு போறேன். நீ ரெஸ்ட் எடு.”

ரெஸ்ட்டாம்! என்கிட்டேருந்து புள்ளயக் காப்பாத்தறாரு. வேலை நேரத்தில் இவரிடமிருந்து போன் மேல் போன். அழறாளா? அழலன்னா ஏன் சத்தத்தையே காணோம்?

அவருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னா— அப்ப இதையெல்லாம் அவருக்குச் சொன்னது நானா?

20 ஜூலை, ஞாயிறு

படித்தேன். தலை நிமிரவில்லை. “இளம் தாய்” வந்ததும் வேகமாகப் படித்தேன். “காரில் போய் உட்கார்ந்து” என்று முடிப்பதற்குள் மரியம் அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

“அது நான்தான்.”

எல்லாரும் அக்கா பக்கம் திரும்பினார்கள்.

“கார் இல்ல, நம்ம கடை வேன். பேர் தெரியக் கூடாதுன்னு நான்தான் அந்த ஆள்கிட்ட மாத்தி எழுதச் சொன்னேன். எதுக்கு மறைக்கணும்? ஃபாரூக் அப்ப ஆறு மாசப் புள்ள. அவன் வீல் வீல்னு கத்துவான், நான் வேன்ல போய்ப் பாட்டக் கேப்பேன். இப்ப யூனிவர்சிட்டில இருக்கான், நான் கத்துறேன், அவன் போனையே எடுக்க மாட்டேங்கிறான்.”

“இளம் தாயாம் லா!” என்றார் ரவீந்திரன் அங்கிள்.

“அப்ப இளம் தாய்தான். சும்மா இருங்க.”

சேக் பரீது அண்ணனுக்கு வேறு கவலை. “அடிப்பாவி, வேன் பேட்டரி செத்துச் செத்துப் போனது இதாலயா? அந்த மெக்கானிக்க என்னா திட்டு திட்டுனேன்!”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குகனும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் குகன், “அப்ப புக்குல இருக்கிறது நீ இல்ல.”

“இல்ல.”

“ஆனா நீயும்...”

“ஆமா.”

தேவதாஸ் மீது பழி போட்டேன், இவர் மீது போட்டேன், மரியம் அக்காவின் சிரிப்பைக்கூட விடவில்லை. என்னைக் காட்டிக் கொடுத்த ஒரே ஆள் நான்.

21 ஜூலை, திங்கள்

ராசாவுக்குப் போக, பாப்பாவின் துணியை எடுத்து வைக்கக் குகன் சொல்லவில்லை. வைக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஃபேக்டரியில் ஓட்டி, ஓவர்டைம் இருக்கிறதாம், போய்விட்டார்.

27 ஜூலை, ஞாயிறு

“இன்னிக்கு நீ மட்டும் போய்ட்டு வா. நான் பாப்பாவப் பாத்துக்கறேன்” என்றார் குகன்.

ஏன் நான் மட்டும்? நான் அந்தப் பக்கம் போனதும் மாமியார் வந்து தூக்கிக்கொண்டு போவதற்கா? அந்தப் பயத்தோடுதான் கோலா குபு பாரு வரைக்கும் ஓட்டினேன். ஆறாம் அத்தியாயம் காதில் ஏறவே இல்லை.

நடுவில் போன் வந்தது. பின்னால் பாப்பாவின் அலறல். குகன்தான். “தனா, பால் குடுத்தேன், பேம்பர்ஸ் மாத்துனேன், தூக்கிட்டு நடந்தேன். நிறுத்தவே மாட்டேங்கிறா. எனக்கு... எனக்குக் கோவம் வருது தனா.”

“தொட்டில்ல போடுங்க. போட்டுட்டு வெளிய போய் நில்லுங்க.”

“வெளியவா?”

“ஆமா. மூச்சு விட்டுட்டு உள்ள போங்க.”

வீட்டுக்கு வந்தபோது மாமியார் இல்லை. பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். இவர் போர்ச் படியில் உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் பால் கறை.

“அம்மாவுக்கு போன் பண்ணேன். பாப்பா இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் வெளியே நின்றார் என்று நான் கேட்கவில்லை.