கறுப்புக் காரும் புளித்தண்ணீரும்

டீச்சர்,

இப்போதுதான் காருக்குப் பூசும் வேக்ஸ் டப்பாவின் மூடியைத் திருகினேன். கொஞ்சம் மெழுகும் கொஞ்சம் தேங்காயுமாக அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உங்களிடம் பேச வாய் பரபரக்கிறது. நாளைக்கு எனக்குப் பணி ஓய்வு! போன வாரம் உங்கள் மகன் பெங்களூரிலிருந்து உங்கள் காரை ஓட்டி வந்து என் வாசலில் நிறுத்தினான். "அம்மா இருந்திருந்தா உங்களுக்குத்தாங்க குடுத்திருப்பாங்க" என்று சாவியை என் கையில் வைத்தான். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெயிண்ட் மட்டும் நீங்கள் விட்டுப் போனபடியே இருக்கிறது. குனிந்தால் என் முகம் தெரிகிறது, சுருக்கங்கள் ஒன்று விடாமல்.

அதியமான்கோட்டையில் நம் தெருவில் அத்தனை காரும் வெள்ளை. போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளையில் தெரியாது என்று ஊரே கணக்குப் போட்டு வைத்திருந்தது. நீங்கள் மட்டும் கறுப்பு வாங்கி வந்தீர்கள். எல்லோரும் புத்தி சொன்னபோது, "தொடைக்கப் போறது நானு. உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று வாயை அடைத்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுமுன் ஆரம்பித்துவிடுவீர்கள். இரண்டு பக்கெட்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். காய்ந்த புழுதிமேல் யாராவது துணியை வைத்தால் போதும், "மணலப் போட்டுத் தேய்க்கிறியா?" என்று ஒரு சத்தம். கடைசியாக அலசுவதற்கு மட்டும் கேன் தண்ணீர். எதிர் வீட்டு அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரிப் புலம்புவார்: "மனுசன் குடிக்கிற தண்ணிய காருக்கு ஊத்துறாங்களே!" நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். நான் படியில் உட்கார்ந்து காபி குடித்தபடி கேலி பேசுவேன். என் பங்கு அவ்வளவுதான். அதோடு நின்றிருக்கலாம்.

நீங்கள் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாள் நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. ஓய்வு பெறுகிறவரை மாலை போட்டுக் காரின் பின்சீட்டில் உட்கார வைத்து, எல்லோருமாக வீடு வரை கொண்டுபோய் விடுவது நம் பள்ளி வழக்கம். நீங்கள் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டீர்கள்: "என்னயப் பின்னாடி பொம்ம மாதிரி உக்கார வெக்காதீங்க. என் காரு, நானே ஓட்டிகிட்டு வூட்டுக்குப் போவேன். நீங்க வேன்ல பின்னாடி வாங்க." ஏரியூரில் நம் பள்ளிக்கு வேலைக்கு வந்த புதிதில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்த ஆள் நீங்கள். அந்த ஒரு நாளுக்காக எவ்வளவு ஆசைப்பட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

தெரிந்ததால்தான் வினை. நீங்கள் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள், எனக்கு அந்தப் பீரியட் வகுப்பு இல்லை. டீச்சருக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று பள்ளித் தோட்டத்து ரப்பர் குழாயை இழுத்து, உச்சி வெயிலில் கொதித்துக் கிடந்த காரின் மேல் போர்த் தண்ணீரைப் பீய்ச்சினேன். பாட்டு வேறு. துடைக்கத் துணி தேடி உள்ளே போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் காய்ந்துவிட்டது. கூரையிலிருந்து டிக்கி வரைக்கும் பொரியை வாரி இறைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக உப்பு!

நீங்கள் வந்து பார்த்தீர்கள். நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டினீர்கள். அது போகவில்லை. "ஏம்புள்ள இப்பிடிப் பண்ணுன?" என்று கேட்டுவிட்டு, பென்னாகரம் தாண்டி வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் பக்கத்துச் சீட்டில் பையை மடியில் அணைத்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவப் போனபோதுதான் பித்தளை அண்டா கண்ணில் பட்டது. அதில் படிகிற உப்பை நாங்கள் எதைப் போட்டுத் தேய்க்கிறோம்? புளி! ஒரு உருண்டையைக் கரைத்து எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடினேன். "காருக்கு ரசம் வெக்கப் போறியா?" என்றீர்கள். அந்தக் கேலியைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் நீங்கள் அறிவியல் டீச்சர் ஆயிற்றே. சக்கை, மண் எதுவும் கீறிவிடக் கூடாது என்று பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினீர்கள். கதவுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சொட்டு வைத்துப் பார்த்தீர்கள். துடைத்துக் கேன் தண்ணீர் விட்டதும் அந்த இடம் கன்னங்கரேல் என்று இருந்தது!

"போவுது புள்ள! உப்பு போவுது!" என்று நீங்கள் கத்தியதில் எதிர் வீட்டு அம்மா வெளியே ஓடி வந்தார். வந்தவர் நிலைமையைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டிலிருந்து இரண்டு கேன் தண்ணீரை உருட்டிக்கொண்டு வந்தார். அவரேதான்! ஒவ்வொரு பகுதியாகப் புளித்தண்ணீர் தொட்டு, உடனே அலசி, ஈரம் ஒற்றி எடுத்தோம். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் வேக்ஸ் போட்டோம். "கொஞ்சமாத் தொடு. தோசைக்கு எண்ணெ தடவுற மாதிரி" என்றீர்கள்.

அன்று மாலை பள்ளியில் ஆசிரியர் ஒருவர் பானட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைக்க வந்தார். நீங்கள் குறுக்கே போய் நின்று, "என் நெத்தியில வெய்யுங்க சார், கழுவுனா போயிரும்" என்றீர்கள். மாலையையும் கார்மேல் கட்ட விடாமல் உங்கள் கழுத்திலேயே வாங்கிக்கொண்டீர்கள். பின்னால் வேன் முழுக்கச் சிரிப்பு.

ஏரியூர் தாண்டி நேர்ச்சாலை வந்ததும் காரை ஓரம் கட்டி இறங்கி, பக்கத்துச் சீட்டில் இருந்த என் பக்கம் குனிந்தீர்கள்; பின்னால் வேனும் நின்றது. "நான் எப்பவும் உள்ளயே இருக்கேன். இது ரோட்டுல போறப்ப எப்பிடி இருக்கும்னு ஒருநாளும் பாத்ததில்ல. நீ ஓட்டு."

டீச்சர், என் லைசென்ஸ் எட்டு வருஷமாகப் பையில் தூங்கிக்கொண்டிருந்தது. பள்ளி மைதானத்தில் நீங்கள் ஓட்ட வைத்த நாலு சுற்றைத் தவிர நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. முந்தின நாள்தான் உங்கள் காரைப் பாழாக்கியிருந்தேன். அந்தக் கையில் சாவியைத் திணித்துவிட்டு, மாலையும் கழுத்துமாகப் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டீர்கள்.

ஓட்டினேன். தூரத்தில் போய்த் திருப்பி, மூன்றாவது கியர் போட்டு உங்களைக் கடந்து போனேன். நீங்கள் மாலையைக் கழற்றித் தலைக்குமேல் சுற்றினீர்கள். திரும்பி வந்து நிறுத்தி, மூச்சு வாங்க, "காரு எப்படிங்க டீச்சர் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"காரை எங்க பாத்தேன்? உன் மூஞ்சியத்தான் பாத்தேன். சிரிச்சுகிட்டே ஓட்டுற புள்ள நீயி!"

அதன்பின் நானே ஒரு கார் வாங்கி ஐந்து வருஷம் பள்ளிக்கு ஓட்டினேன். வெள்ளைதான், மன்னித்துவிடுங்கள். பயம் வரும்போதெல்லாம் நீங்கள் அன்று பார்த்த அந்த முகத்தை நினைத்துக்கொள்வேன். நான் அதைப் பார்த்ததே இல்லை. நீங்கள் சொல்லித்தான் எனக்கு அப்படி ஒரு முகம் இருப்பதே தெரியும். நாளைக்கு வேன் பின்னால் வரும், நான் உங்கள் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன், அந்த முகத்தோடு.