நாங்கள் எழுந்து நின்றது பாடகருக்காக அல்ல

அனுப்புநர்:
திருமதி வசந்தமலர் தவராசா,
துணைத் தாதி,
ஹொல்ம்லியா, ஒஸ்லோ.

பெறுநர்:
திரு. சி. அருட்செல்வம் அவர்கள்,
தலைவர்,
நோர்வே தமிழ்க் கலை மன்றங்களின் ஒன்றியம்,
ஒஸ்லோ.

பொருள்: 13.09.2025 அன்று ஒஸ்லோவில் நடந்த ‘மூன்றாம் சாமம்’ இசைக்குழுவின் நிகழ்ச்சியில், அகவணக்கத்துக்காக எழுந்து நின்ற மக்களைப் படம் எடுத்து, அவர்கள் பாடகர் நிலனுக்கு ஆதரவாக எழுந்து நின்றதாக வெளியிட்ட நெய்தல் கலை மன்றத்தின் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா,

1. இந்த மனுவை முதலில் வேறு விதமாக எழுதியிருந்தேன். அதை வாசித்த என் மகள் கம்சிகா, இதில் ஏச்சுத்தான் இருக்கிறது, முறைப்பாடு எங்கே என்று கேட்டாள். ஆகவே இம்முறை இலக்கமிட்டு எழுதுகிறேன். கோபம் குறைந்துவிட்டது என்று தாங்கள் எண்ண வேண்டாம். வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

2. நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். காலை வேலைக்கு ஹொல்ம்லியாவிலிருந்து இருட்டோடு ரயில் ஏறுபவள். சென்னையைச் சேர்ந்த ‘மூன்றாம் சாமம்’ குழுவின் பாட்டுகள் பல ஆண்டுகளாக அந்த ரயிலில் எனக்குத் துணை. கணவர் இறந்த குளிர்காலத்தில் வாயைத் திறந்து ஒரு சொல் பேசாமல் திரிந்த நான், அவர்களின் பாட்டை முணுமுணுத்துத்தான் மறுபடி குரல் பழகினேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு. என்னைக் குழுவின் எதிரி என்றோ, யாரோ தூண்டிவிட்டு எழுதுபவள் என்றோ மன்றத்தினர் தங்களிடம் சொல்லக்கூடும். அந்தக் குழுவை என்னைப் போல் நேசித்தவர்கள் இந்த நகரத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

3. ரொம்சோஸில் வசிக்கும் செல்வி மிதுனா, நெய்தல் மன்றத்தின் ஒலியமைப்புக் குழுவில் ஊதியமின்றி, இந்நாட்டார் சொல்வதுபோல் டுக்னாட்டாக, பணியாற்றி வந்தவர். இங்கேயே பிறந்து வளர்ந்து, ஒலிப்பதிவைப் படித்த பிள்ளை. எங்கள் விழாக்களில் ஒலிவாங்கி கூச்சல் போடாமல் இருந்தது என்றால் அது அவரால்தான். மன்றத்தின் அழைப்பில் இந்தக் குழு 2023இல் இங்கு வந்தபோது, நிகழ்ச்சி முடிந்த பின் பாடகர் நிலன் தன்னை உடை மாற்றும் அறையில் மறித்து, கதவுக்குக் குறுக்கே நின்று, போகாதே போகாதே என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார் என்பது மிதுனாவின் முறைப்பாடு. அதை அவர் முதலில் மன்றத்துக்குத்தான் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார், அப்போதும் மன்றம் மூச்சுக் காட்டவில்லை. இவ்வாண்டு அதே குழு மீண்டும் வருகிறது என்று சுவரொட்டி வந்த பிறகுதான் முகநூலில் பகிரங்கமாக எழுதினார். சென்னையிலிருந்தும் இரு பெண்கள் தங்களுக்கும் இவ்வாறு நேர்ந்ததாக எழுதினார்கள்.

4. இதையடுத்து மன்றச் செயலாளர் திரு. குலேந்திரன் ஓர் அறிவித்தல் வெளியிட்டார். “முழுமையாக விசாரித்தோம். குற்றச்சாட்டில் உண்மை இல்லை. நிகழ்ச்சி திட்டமிட்டபடி நடைபெறும்” என்பது அதன் சாரம். நான் அதை நம்பினேன். முழுமையாக விசாரித்தோம் என்று ஒரு பொறுப்பான மன்றம் எழுதினால், குறைந்தபட்சம் முறைப்பாடு செய்த பெண்ணிடம் ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பார்கள் என்றுதான் எவரும் நினைப்பர். நம்ப வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. பாட்டை இழக்க மனம் வரவில்லை. அந்த ஆசை எனக்கு இருக்கும் என்பது மன்றத்துக்கும் தெரிந்திருந்தது.

5. என் மகள் வர மறுத்தாள். “அம்மா, போறது உங்கட விருப்பம். ஆனா வந்து எனக்கு வீடியோ காட்டாதீங்கோ” என்றாள். நான் தனியாகப் போனேன்.

6. இனி நடந்ததைத் தாங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். மங்கள விளக்கு ஏற்றிய பின், போரில் மாண்ட மக்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று அகவணக்கம் செலுத்துமாறு அழைத்தார்கள். இங்கு கல்யாண வீட்டைத் தவிர எங்கள் கூட்டம் எதுவும் அகவணக்கமின்றித் தொடங்குவதில்லை என்பதும், “அமரலாம்” என்று மேடையிலிருந்து சொல்லும்வரை எவரும் உட்காருவதில்லை என்பதும் தாங்கள் அறிந்ததே. மண்டபம் முழுவதும் எழுந்தது. நான் என் அண்ணனை நினைத்து நின்றேன். 2009 மே மாதத்துக்குப் பின் அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. உடல் கிடைக்கவில்லை. போய் ஒரு பூ வைக்க இடமில்லை. விழா மண்டபங்களில் கிடைக்கும் இந்த ஒரு நிமிடம்தான் எனக்கும் அவருக்கும் உள்ள இடம்.

அந்த நிமிடம் முடிந்தது. “அமரலாம்” என்று சொல்லவில்லை. திரு. குலேந்திரன் ஒலிவாங்கியை வாங்கி, “உறவுகளே, கொஞ்சம் இப்பிடியே நில்லுங்கோ. எங்கட விருந்தாளியைப் பற்றிச் சிலபேர் கண்டபடி எழுதுகினம். அவைக்கு இந்த மண்டபமே பதில் சொல்லும்” என்றார். குழுவினர் மேடைக்கு வந்தனர். ஓரிருவர் கை தட்டினர். பிறகுதான் எங்களை அமரச் சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

7. பாட்டு நன்றாக இருந்தது. இதை மறைக்க மாட்டேன், மறைத்தால் மற்றதையும் தாங்கள் நம்ப மாட்டீர்கள். முதல் பாட்டுக்கே நான் எழுந்து ஆடினேன். நடுவில் நிலன், “ஒஸ்லோ அக்காங்க எங்களைக் கைவிட மாட்டாங்கன்னு தெரியும்” என்றபோது மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு அவர் ஏன் கண் சிமிட்டுகிறார் என்று தோன்றியது.

அடுத்து, எல்லோரும் காத்திருந்த அவர்களின் பழைய பாட்டு. காதலியைப் போகாதே என்று கெஞ்சும் பாட்டு. பல்லவியை மக்களே பாடட்டும் என்று நிலன் ஒலிவாங்கியை எங்கள் பக்கம் நீட்டினார். மண்டபம் முழுவதும் “போகாதே, போகாதே” என்று பாடியது. இந்தச் சொல்லைத்தான் மிதுனா தன் முகநூல் பதிவில் எழுதியிருந்தார். நான் அதை வாசித்திருந்தேன். வாசித்துவிட்டும் வந்திருந்தேன். என் வாய் அரைச் சொல்லில் நின்றுவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். இனி அந்தப் பாட்டை நான் ரயிலில் கேட்க முடியாது. அதற்காக எனக்கு நிலன் மீது வரும் கோபம் என் சொந்தக் கோபம், அதைத் தங்கள் ஒன்றியம் தீர்க்க வேண்டியதில்லை.

8. ஒன்றியம் தீர்க்க வேண்டியது பின்வருவது. மறுநாள் மன்றம் தன் முகநூல் பக்கத்தில் ஒரு பெரிய படத்தை வெளியிட்டது. மண்டபம் நிறைய மக்கள் எழுந்து நிற்கிறார்கள். இரண்டாவது வரிசையில் நான் நிற்கிறேன். படத்தின் மேல், “எழுந்து நின்றது ஒஸ்லோ. அவதூறுக்கு மக்கள் தந்த பதில்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஐயா, அது அகவணக்கத்தின்போது எடுத்த படம். பக்கவாட்டில் தெரியும் மேடையில் ஒரு குருவிகூட இல்லை. எல்லோரும் தலை குனிந்திருக்கிறார்கள், கண்கள் மூடியிருக்கின்றன. ஒரு பாடகனைப் பாராட்ட எழுந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டா நிற்பார்கள்? செத்துப்போன எங்கள் பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் நாங்கள் கொடுத்த மரியாதையை எடுத்து, உயிரோடிருக்கும் ஒருவருக்கு நற்சான்றாக ஒட்டிவிட்டார்கள். என் அண்ணனுக்காக நான் நின்ற நிமிடத்தை எடுத்து ஒரு பெண் பிள்ளையின் வாயை அடைத்திருக்கிறார்கள். இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறு எந்த மரியாதையான சொல்லால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

9. அன்று மாலை மிதுனாவிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. “அன்ரி, நீங்களும் எழும்பி நிண்டனீங்களோ?” அவ்வளவுதான். அந்தப் பிள்ளை எனக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. விழாக்களில் என் பேச்சுக்கு ஒலிவாங்கியை உயர்த்திப் பொருத்தித் தந்த பழக்கம் மட்டுமே. ஆனால் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சமையலறையில் நின்ற நிலையைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

10. நான் நேராகத் தங்களிடம் வரவில்லை. முறைப்படி முதலில் செயலாளருக்குத் தொலைபேசினேன். படத்தை எடுத்துவிட்டுத் திருத்தம் போடுமாறு கேட்டேன். அவர் தந்த பதிலை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்: “அக்கா, எழும்பி நிண்டது நிண்டதுதானே. எதுக்கு நிண்டதெண்டு ஆர் பார்க்கப் போகினம்? நீங்களும் விரும்பித்தானே வந்தனீங்கள்.” விரும்பித்தான் வந்தேன். பாட்டுக் கேட்க வந்தேன். பாட்டுக் கேட்க வருவது ஒருவருக்காகச் சத்தியம் செய்வது ஆகாது. இதை விளக்க முயன்றபோது, வேலை இருக்கிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

11. அதன் பின் ரொம்சோஸுக்குச் சென்று மிதுனாவையும் பெற்றோரையும் சந்தித்தேன். அங்கு அறிந்தவை:

விசாரணை என்று சொல்லப்பட்டதில் மன்றத்தைச் சேர்ந்த எவரும் மிதுனாவுடன் கதைக்கவில்லை. ஒரு தடவைகூட இல்லை. சென்னையில் குழுவின் மேலாளரிடம் கேட்டிருக்கிறார்கள், அவர் அப்படி எதுவும் இல்லை என்றாராம். அத்துடன் விசாரணை முற்றுப்பெற்றது. மிதுனாவின் தந்தைக்கு மட்டும் செயலாளர் அழைத்து, “பிள்ளையை அடக்கி வையுங்கோ, நாளைக்குக் கலியாணம் காட்சி எண்டு வரேக்க உங்களுக்குத்தான் கஷ்டம்” என்று அறிவுரை சொல்லியிருக்கிறார். ஒலியமைப்புக் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து மிதுனாவை நீக்கியிருக்கிறார்கள். வரும் ஆண்டுவிழாவுக்கும் அவரை வர வேண்டாம் என்றிருக்கிறார்கள், சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகவாம். யாருடைய சங்கடம் என்று சொல்லவில்லை.

மிதுனா இப்போது பேர்கனில் வேலை தேடுகிறார். நிலன் செய்ததைக்கூடத் தாங்கிக்கொண்டு இரண்டு வருடம் எங்களோடு வேலை செய்தவர் அவர். இந்தப் படத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதில் அவருக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியை நிற்கிறார், பக்கத்து வீட்டார் நிற்கிறார்கள், நான் நிற்கிறேன். “அவர் ஒராள்தான் அன்ரி. இதில எல்லாரும் நிக்கிறியள்” என்றார். அவருடைய அம்மா உள்ளே எழுந்து போய்விட்டார்.

12. நிலன் குற்றவாளி என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. அதற்கு எனக்குத் தகுதியில்லை. குற்றமற்றவர் என்று தீர்ப்புக் கூற மன்றத்துக்கும் தகுதியில்லை. அந்தத் தீர்ப்பில் என் முகத்தை முத்திரையாகக் குத்தும் உரிமை யாருக்கும் இல்லை. ஆகவே தங்கள் ஒன்றியத்திடம் கோருவன:

(அ) அந்தப் படத்தை உடனே நீக்கி, அது அகவணக்கப் படம் என்றும், வாசகம் பொய் என்றும் அதே பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில் மன்றம் அறிவிக்க வேண்டும். மூலையில் சின்னதாகப் போடும் திருத்தத்தை ஏற்க மாட்டேன்.

(ஆ) மன்றத்துடன் தொடர்பில்லாத, பெண்களும் அடங்கிய ஒரு குழு மிதுனாவின் முறைப்பாட்டைக் கேட்க வேண்டும். கேட்பது என்றால் அவருடன் பேசுவது. இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

(இ) ஒலியமைப்புக் குழுவில் அவருடைய இடத்தைத் திருப்பித் தர வேண்டும். திரும்பி வருவதும் வராததும் அவர் விருப்பம். கதவை மூடியது மன்றம் என்பதால் திறக்க வேண்டியதும் மன்றமே.

(ஈ) மக்கள் அகவணக்கத்துக்கு நிற்கும்போது வேறு எந்த விடயத்தையும் மேடையிலிருந்து பேசக் கூடாது என்று எல்லா மன்றங்களுக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

13. இவற்றுக்குத் தங்கள் பதில் வரும்வரை ஒன்றியத்தின் எந்த மண்டபத்திலும் நான் அகவணக்கத்துக்கு நிற்க மாட்டேன். அண்ணனை வீட்டிலேயே நினைத்துக்கொள்வேன். நாளைக்கு அந்த நிமிடத்தை யாருக்கு எழுதிக் கொடுப்பார்கள் என்று தெரியாமல் எப்படி நிற்பது?

14. கடைசியாக ஒன்று. மிதுனாவின் கேள்விக்கு நான் பதில் அனுப்பிவிட்டேன். அண்ணனுக்காக நின்றேன், உனக்கு எதிராக நிற்கவில்லை என்று எழுதினேன். அதற்கு அவர் அந்தப் படத்தின் முன்வரிசையைப் பெரிதாக்கி எனக்குத் திருப்பி அனுப்பினார். அதில் தாங்கள் நிற்கிறீர்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கண்களை மூடி நிற்கிறீர்கள். “இவர் ஆருக்காக நிண்டவர்?” என்று கேட்டிருக்கிறார்.

எனக்குத் தெரியாது, அவரிடமே கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தயவுசெய்து தாங்களே அவருக்குச் சொல்லுங்கள்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
வசந்தமலர் தவராசா

இடம்: ஒஸ்லோ
திகதி: 02.10.2025