வெற்றிடத்துக்குள் ஒரு சந்தனப் பொட்டு

அடியே,

நேற்று தங்கை மகளுக்குத் துணையாகப் புக்கிட் காத்திலில் ஒரு நக அலங்காரக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பழைய நகப்பூச்சைத் துடைக்க அங்கிருந்த பெண் அசிட்டோன் புட்டியைத் திறந்தாள். மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏன் பெரியம்மா சிரிக்கிறீர்கள் என்று தங்கை மகள் கேட்டாள். என்ன சொல்வது? எனக்கு அது உன் வாசனை. அத்தர் கடைக்காரர் மகளாகப் பிறந்து, அசிட்டோன் மணக்க மலாக்கா முழுக்கத் திரிந்தவள் நீ ஒருத்திதான்.

நாம் இருவரும் துகள் முடுக்கிப் பொறியியல் படித்துவிட்டு ஒரே கல்லூரியில் வந்து சேர்ந்தோம். கரும்பலகையில் முடுக்கியை வரைந்து பாடம் நடத்தினால் போதும் என்று நான் இருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த பல்கலைக்கழகங்களில் எல்லாம் கையேந்தி, அவர்கள் கழித்துப்போட்ட பாகங்களை நீ சேர்த்துக்கொண்டு வந்தாய். மாணவர்களோடு உட்கார்ந்து நாமே ஒரு சின்ன முடுக்கியைக் கட்டினோம். ஒரு எஃகுக் குழாய். அதிலுள்ள காற்றையெல்லாம் பம்ப் இழுத்துவிட வேண்டும். பிறகு ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் விரைந்து ஓடி, மறுமுனைத் திரையில் பச்சைப் புள்ளியாக விழும். அவ்வளவுதான்.

கல்லூரி நமக்கு விளையாட்டுச் சாமான்கள் கிடந்த பழைய ஸ்டோர் அறையை ஒரு பருவத்துக்குத்தான் கொடுத்திருந்தது. கடைசியில் நிர்வாகக் குழு வந்து பார்க்கும். பச்சைப் புள்ளி தெரிந்தால் வகுப்பு நிலைக்கும். தெரியாவிட்டால் அறை மறுபடியும் பந்துகளுக்கும் வலைகளுக்கும் போய்விடும். மகள் கல்யாணத்தை முன்னால் வைத்துக்கொண்டவள் மாதிரி நீ அந்தப் பருவம் முழுக்கச் சாப்பாடு தூக்கம் இல்லாமல் அலைந்தாய்.

குழு வரும் நாளுக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பம்புக்கு மாலை, மேசைக்கு வாழையிலை, எல்லாருக்கும் சுண்டல். நீதான் முதல் ஆளாகக் கிண்ணத்தை நீட்டினாய். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மறுநாள் காலை பம்பைப் போடும் வரை.

குழாய்க்குள் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் மீட்டர் முள் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம். எங்கோ காற்று கசிகிறது என்று நாம் ஒவ்வொரு மூட்டாகச் சோதித்தோம். எதிலும் கசிவில்லை. குழு மத்தியானம் வருகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ குழாயைத் திறக்கச் சொன்னாய். திறந்ததும் முகர்ந்து பார்த்தாய். உள்ளே, எலக்ட்ரான் கிளம்பும் தகட்டுக்குப் பக்கத்தில், அழகாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம் வேறு.

வைத்தவள் புவனா. மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாளே, லாரி ஓட்டுநர் மகள், அவள்தான். முந்தைய நாள் துடைப்பதற்காகத் திறந்திருந்தபோது வைத்திருக்கிறாள்.

"அப்பா லாரியில ஸ்டியரிங்குக்குத்தான் வைப்பாரு, டீச்சர். எது ஓட்டுதோ அதுக்குத்தானே வைக்கணும்?" என்றாள், கண் கலங்க.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீயோ அவள் தோளைத் தட்டினாய். "சாமி வெளிய இருந்து பாத்துக்கட்டும்லா. உள்ள ஒண்ணுமே இருக்கக்கூடாது. காத்தயே வெளிய போன்னு சொல்றோம், சந்தனத்த விடுவோமா?"

கையுறை, அசிட்டோன், அழகுக்கலை வகுப்பில் இரவல் வாங்கிய தலைமுடி உலர்த்தி. பிள்ளைகள் துடைத்துக்கொண்டும் சூடுகாட்டிக்கொண்டும் இருக்கும்போதே குழு வந்துவிட்டது. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். நீ என் கையை அழுத்திவிட்டு, என்ன நடந்தது என்று புவனாவையே சொல்லச் சொன்னாய்.

 அவள் மலாயில் மெல்ல ஆரம்பித்தாள். சந்தனத்தில் தண்ணீரும் எண்ணெயும் இருக்கின்றன. காற்றை இழுக்க இழுக்க அவை ஆவியாகி வந்துகொண்டே இருக்கும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் தீராது என்றாள். அப்படியானால் விரல் பட்டாலும் கெடுமா என்று குழுத் தலைவி கேட்டார். கெடும், அதற்குத்தான் கையுறை என்று தன் கையையே விரித்துக் காட்டினாள். தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்தான், தேநீர் வந்து ஆறிப்போயும் எழுந்திருக்கவில்லை. முள் இறங்கியது. திரையில் பச்சைப் புள்ளி விழுந்தது. ஒருவன் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோக, புள்ளி நகர்ந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. அறை நமக்கே என்றாகிவிட்டது. அன்றைக்கு உன்னைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகை வேறு அழுகை.

சில வருடங்கள் கழித்து உனக்குக் கட்டி வந்தது. கதிர்வீச்சு சிகிச்சை என்றார்கள். அந்த ஆஸ்பத்திரி இயந்திரமும் முடுக்கிதான், நம்முடையதற்குப் பெரிய அக்கா. முதல் நாள் நான் வாசலில் பயந்துபோய் நிற்க, நீ சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய். "பயமில்லடி. தினம் காலையில மிஷின சரிபாக்கறது நம்ம புவனாதான்லா." மேசையில் படுத்தபடியே அவளுக்கு நீ வாய்மொழித் தேர்வு வைத்தாயாம். ஒரு கேள்விக்குக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை என்று உனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு நோன்புப் பெருநாளும் தங்கா பத்துவில் உன் வீட்டில்தான். பழைய மாணவர்கள், புதிய மாணவர்கள், அவர்கள் வீட்டுக் குழந்தைகள். பிரியாணி போதாமல் போய்விடும் என்று நீ எல்லாரையும் விரட்டுவாய். கடைசியில் எல்லார் கையிலும் ஒரு பொட்டலம் இருக்கும். உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வீட்டு இரைச்சல்தான்.

நீ போன பிறகு வகுப்பை நான்தான் நடத்துகிறேன். இந்தப் பருவம் சேர வந்த ஒரு பெண்ணின் அப்பா, இதைப் படித்து என் மகள் என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டார். முன்பு போல நீட்டி முழக்கவில்லை.

"இங்க படிச்ச ஒரு பொண்ணு, எங் கூட்டாளிக்கு இன்னும் ரெண்டு பெருநாள் கொடுத்தா, ஐயா" என்றேன்.