நடந்தால் போதும்

மார்ச் 3

அன்புள்ள வாத்தியாருக்கு,

வந்து பத்து நாள் ஆகிறது, நலமாக இருக்கிறேன். குட்டியின் இருமல் விட்டதா?

இடிந்து விழுந்த துணி ஆலையைப் பற்றிப் பேப்பரில் வந்தது கால்வாசிகூட இல்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க ஒற்றைக் காலோடு ஆட்கள். பார்த்தால் சோறு இறங்காது. செயற்கைக் கால் செய்யும் எங்கள் பட்டறை சலவை அறைக்குப் பின்னால் இருக்கிறது. தலைமுடியில்கூட பிளாஸ்டர் வாடை.

என்னோடு வேலை பார்ப்பவனுக்கு ‘ஆகட்டும்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். எதைச் சொன்னாலும் “ஆகட்டும்கா” என்பான். அவன் செய்யும் கால்கள் துருப்பிடித்த கீல் மாதிரிக் கிறீச்சிடும். ஐந்து மணியானால் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தையல்காரப் பெண் ஒருத்திக்கு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவளுக்குச் செய்த காலில், மிச்சக் காலை நுழைக்கும் கிண்ணம் ஓரத்தில் உரசுகிறது. கழற்றி வாங்கி மறுபடி அச்சு எடுத்திருக்கிறேன். அரைகுறையாகக் கொடுக்க மனம் வரவில்லை. சொன்னபடி மாதக் கடைசியில் வந்துவிடுவேன்.

உங்கள்
கால்காரி

மார்ச் 31

அன்புள்ள கால்காரிக்கு,

மாதக் கடைசியும் வந்துவிட்டது, உன்னைத்தான் காணோம். போன் செய்தால் “கையெல்லாம் பிளாஸ்டர், அப்புறம் பேசறேன்” என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

குட்டிக்குக் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது. பயப்படாதே. நேற்று என்னிடம், “அப்பா, அம்மாவுக்கும் கால் போயிடுச்சா? அதான் நடந்து வர முடியலயா?” என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் மேற்பார்வையாளர் அம்மாவிடம் பேசினேன். உன் மேசை முழுக்கப் பாதிக் கால்கள் நிற்கின்றனவாம். வந்ததிலிருந்து ஒன்றைக்கூட நீ கையை விட்டுக் கொடுக்கவில்லையாம். “தங்கமான கை, ஆனா வேலைய விடமாட்டேங்குது” என்றார். எல்லாப் பிள்ளையும் நூறு வாங்கினால்தான் மணி அடிப்பேன் என்று நான் சொன்னால் பள்ளிக்கூடம் நடக்குமா? சாப்பிடுகிறாயா என்று கேட்க பயமாக இருக்கிறது. பொய் சொல்வாய்.

உன்
வாத்தியார்

ஏப்ரல் 9

அன்புள்ள வாத்தியாருக்கு,

தையல்காரப் பெண் இறந்துவிட்டாள்.

போன வாரம் வந்து கெஞ்சினாள். “வலிச்சாலும் பரவாயில்லக்கா, குடுங்க. வீட்டுல கைக்குழந்தை இருக்கு. ரெண்டு கையும் கட்டையிலேயே இருந்தா புள்ளைய எப்படித் தூக்குவேன்?” நான், “நாலு நாள் பொறும்மா, பூ மாதிரி செஞ்சு தரேன்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். மழை பெய்த அன்று மாடிப்படியில் ஊன்றுகட்டை வழுக்கிவிட்டது. நல்லவேளை, குழந்தை அப்போது கையில் இல்லை.

நேற்று அவள் புருஷன் ஊன்றுகட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மேசையில் அந்தக் கால் முடிந்து நின்றது. “இது அவளோடதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கிண்ணத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். “வழவழன்னு இருக்குங்க. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நான் அறையைவிட்டு வெளியே போகவில்லை. இந்தக் கையால் இனி எதையும் தொடப்போவதில்லை. என்னை வந்து கூட்டிப்போங்கள்.

ஏப்ரல் 13

அன்புள்ளவளுக்கு,

உன் மேல் தப்பில்லை என்று எழுதிக் கிழித்தேன். தப்பு இருக்கிறது என்று எழுதி அதையும் கிழித்தேன். எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டிப்போக வரச் சொல்கிறாய். வருவேன், அதில் யோசனையே இல்லை. ஆனால் இப்படியே வந்தால் நீ இந்த வீட்டிலும் அந்த மேசை முன்னால்தான் உட்கார்ந்திருப்பாய். அப்படி ஒருத்தியோடு குட்டியும் நானும் எப்படிக் குடித்தனம் நடத்துவது? கல்நெஞ்சக்காரன் என்று நினைத்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன்.

எழுந்து குளி. ஏதாவது சாப்பிடு. ஒரே ஒரு ஆளுக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குத் திரும்பு. முடியவில்லை என்றால் ஒரு வரி எழுது. அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

வாத்தியார்

ஏப்ரல் 28

அன்புள்ள வாத்தியாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்களைத் திட்டினேன். மறுநாள் போனேன்.

‘ஆகட்டும்’ நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தையல்காரப் பெண்ணின் காலை நானே பிரித்தேன். பாதமும் தண்டும் வேறு ஆளுக்கு உதவும். அளவெடுத்துச் செய்த கிண்ணம் யாருக்கும் பொருந்தாது. குப்பையில்தான் போட்டேன்.

“நீ செய்யற கால் கத்துதே, உனக்கு உறுத்தாதா?” என்று அவனிடம் கேட்டேன். “உறுத்தும்கா. ஆனா கத்துச்சுன்னா திட்டிக்கிட்டே திரும்பி வருவாங்க. திருத்திடலாம். வராதவங்களுக்கு எதத் திருத்துறது?” என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். பாவம்.

அன்று லாரி டிரைவர் ஒருவருக்குக் காலை மாட்டினேன். ஓரத்தில் லேசாக உரசுகிறது என்று எனக்குத் தெரியும். “புண்ணாகற மாதிரி இருந்தா உடனே கழட்டிடுங்க. எப்படியும் திங்கக்கிழமை வாங்க” என்று கொடுத்துவிட்டேன். கேட் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். எனக்குச் சொத்தைப் பல் மாதிரி வலித்தது. திங்கட்கிழமை வந்தார், தேய்த்துக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் உரசுகிறது. மறுபடி வருவார்.

இப்போது ஐந்து மணிக்கு நானும் கை கழுவுகிறேன். தூக்கம்தான் வரவில்லை. கண்ணை மூடினால் அவள் புருஷன் கிண்ணத்துக்குள் விரல் விட்டுத் தடவுகிறார். இது போகாது என்று நினைக்கிறேன்.

தாழ்வாரத்தில் வரிசை குறையவில்லை, வருஷக்கணக்கில் குறையாது. இங்கேயே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கோபம் இருந்தால் நேரில் திட்டுங்கள்.

வேலை முடிந்ததும் வருகிறேன் என்று இனி எழுத மாட்டேன். வேலை முடியாது. அதனால் இந்தச் சனிக்கிழமை வருகிறேன், ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவேன். ஒரு சனி விட்டு ஒரு சனி, இப்படித்தான். உங்களுக்கு இது போதாது, எனக்கும் போதாது. கிளம்பும்போது குட்டி அழுவாள். அழட்டும், பஸ் நிலையத்துக்குக் கூட்டி வாருங்கள்.

உங்கள்
கால்காரி